முனியறையும் களிமண் பலகையும்

மூணாறிலிருந்து உடுமலை போகும் சாலையில் மறையூர் இருக்கிறது. அங்கே பாறைமேல் முனியறைகளைப் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் கற்பலகைகள். மேலே ஒரு மூடுகல். முனிவர்கள் தங்கிய அறை என்பார்கள். உண்மையில் அவை இறந்தவர்களுக்காக எழுப்பியவை. 2000 ஆண்டுகளுக்கும் பழையவை. கட்டியவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டார்கள்? யாருக்கும் தெரியாது. அவர்கள் எழுதி வைக்கவில்லை.

சுமேரியர் கதை வேறு. அவர்கள் இன்றைய இராக் நாட்டின் தெற்கே வாழ்ந்தவர்கள். 5000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதினார்கள். அப்போது காகிதம் ஏது? ஈரக் களிமண்ணில் நாணல் குச்சியை அழுத்தி எழுதினார்கள். காய்ந்ததும் அது பலகை ஆயிற்று.

இனன்னா அவர்களுடைய பெண் தெய்வம். அவள்மேல் பாட்டுக் கட்டியவர் என்கெதுவன்னா என்பார்கள். ஊர் என்ற நகரத்துக் கோயிலின் தலைமைப் பூசாரி. அரசன் சார்கோனின் மகள். 4300 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண் பூசாரி!

பிறகு அந்த மொழியைப் பேச ஆள் இல்லை. கோயில்கள் இடிந்தன. பூசையும் நின்றது. பலகைகள் மட்டும் மண்ணுக்குள் கிடந்தன. 1800களில் அறிஞர்கள் அவற்றைத் தோண்டி எடுத்தார்கள். நம்மைப் போலவே எழுத்துக் கூட்டித்தான் படித்தார்கள்.

இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிலர் இனன்னாவை மறுபடி கும்பிடுகிறார்கள். பூசை முறையைச் சொல்லித்தர அவர்களுக்குப் பாட்டி இல்லை. பலகையில் படித்தது பாதி, தாங்களே யோசித்தது பாதி. அப்படித்தான் விளக்கேற்றுகிறார்கள்.