“என் தப்புதானே சார்!” – ரயில்வே காயங்களும் இழப்பீட்டுக் கணக்கும்

மதுரையில் செல்லூரை ஒட்டி, வைகைப் பாலம் தாண்டி கூடல்நகர் பக்கம் போகும் தண்டவாளத்தில், விடிந்தும் விடியாத நேரத்தில் ஆரஞ்சு மேலாடை போட்ட ஒருவர் சுத்தியலும் ஸ்பேனருமாக நடந்து போவார். அவர்தான் கீமேன். கழன்ற கிளிப்பை அடித்து இறுக்குவார், தண்டவாளத்தில் விரிசல் விட்டிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். ரயில் ஓடிக்கொண்டிருக்கும் பாதையிலேயே அத்தனையும் செய்தாக வேண்டும். அனில் ககோட்கர் தலைமையிலான ரயில்வே பாதுகாப்பு ஆய்வுக் குழு 2012-இல் அறிக்கை கொடுத்தபோது, அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளுக்குள் பணியில் இறந்த ஊழியர்கள் சுமார் 1,600 பேர் என்றும் காயமடைந்தவர்கள் சுமார் 8,700 பேர் என்றும் சொன்னது.

காயம்பட்டவருக்கும் அவர் குடும்பத்துக்கும் சட்டம் என்ன தருகிறது என்று கேட்டால், மதுரைக் கோட்டத்திலேயே பாதிப் பேர் கேள்விப்பட்டதை வைத்துத்தான் பதில் சொல்வார்கள். அந்தப் பதில்களில் சில, குடும்பங்களுக்கு லட்சக்கணக்கில் நஷ்டம் வைப்பவை.

“நான்தான் கவனிக்காம விட்டுட்டேன். எனக்கு எப்படிக் காசு கொடுப்பாங்க?”

இதுதான் அடிக்கடி கேட்கும் பேச்சு. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் (2010 முதல் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம்) தப்பு யாருடையது என்ற கேள்வியையே எழுப்புவதில்லை. வேலையின் காரணமாக, வேலையின்போது விபத்து நேர்ந்ததா என்பது மட்டுமே அதற்கு முக்கியம். குடிபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறுவது, பாதுகாப்புக் கருவியைத் தெரிந்தே கழற்றி வைப்பது ஆகிய மூன்றும் விலக்குகள். ஆனால் ஊழியர் இறந்துவிட்டாலோ, முழுமையாகவும் நிரந்தரமாகவும் முடங்கிவிட்டாலோ இந்த விலக்குகளையும் காட்டி நிர்வாகம் கைகழுவ முடியாது. வெறும் கவனக்குறைவு இந்தப் பட்டியலிலேயே இல்லை.

இந்தக் குழப்பத்துக்கு இணையத்தில் உலவும் அமெரிக்கச் செய்திகளும் ஒரு காரணமாக இருக்கலாம். அங்கே ரயில்வே தொழிலாளிக்கு 1908-இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. அதன்படி கம்பெனியின் அலட்சியத்தைத் தொழிலாளி நிரூபிக்க வேண்டும். அவர் பக்கம் தவறு இருந்தால் அந்த அளவுக்குத் தொகை குறையும். நிரூபித்துவிட்டால் பெரிய தொகை கிடைக்கும். நம் ஊரில் தொகை சிறியது, ஆனால் நிரூபிக்க வேண்டிய சுமை கிட்டத்தட்ட இல்லை. அங்கத்திய விதியை இங்கே ஒப்பிட்டுப் பயந்துபோய், மனுவே போடாமல் விடுவதுதான் கொடுமை.

“ரயில்வேயில அடிபட்டா எட்டு லட்சம்தான்.”

எட்டு லட்சம் என்பது ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்தில் பயணிகளுக்கான தொகை. 2017 ஜனவரி 1-க்கு முன் அது நான்கு லட்சமாக இருந்தது. ரயில் மோதியோ தடம்புரண்டோ நேரும் விபத்தில், பணியில் இருந்த ஊழியரையும் ‘பயணி’ என்ற கணக்கில் 1989 ரயில்வே சட்டத்தின் 124-ஆம் பிரிவு சேர்க்கிறது என்பது உண்மைதான். ஆனால் பாதையில் வேலை பார்க்கும்போது ரயில் அடித்த டிராக்மேனுக்கு அந்த வழி பொருந்தாது. பொருந்துகிறவரும் ஒரே விபத்துக்கு இரண்டு இடத்திலும் வாங்க முடியாது.

எது லாபம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஊழியர் இழப்பீட்டுச் சட்டப்படி இறப்புக்கு மாதச் சம்பளத்தில் பாதியை, வயதுக்கேற்ற ஒரு பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அது 207.98, 40-க்கு 184.17, 60-க்கு 117.41. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 2020 ஜனவரி 3 முதல் 15,000 ரூபாய் வரைதான் கணக்கில் வரும். ஆக 30 வயது ஊழியர் இறந்தால் 15,59,850 ரூபாய். ஓய்வுபெறும் 60 வயதில்கூட 8,80,575 ரூபாய். ஓய்வு வரை எந்த வயதிலும் எட்டு லட்சத்தைத் தாண்டுகிறது. பாதையில் வேலை பார்க்கும் ஊழியரின் குடும்பத்தைத் தீர்ப்பாயத்துக்குக் கைகாட்டும் ஆலோசனையைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்பது நல்லது.

இதே கணக்கு இன்னொரு நம்பிக்கையையும் உடைக்கிறது. “ஐம்பதாயிரம் வாங்குற ஆளுக்குப் பெரிய தொகை வரும்” என்பார்கள். வராது. லெவல் 1-இல் புதிதாகச் சேரும் டிராக்மேனின் அடிப்படைச் சம்பளமே 18,000. 15,000 என்ற உச்சவரம்பு அவரையே வெட்டிவிடுகிறது. சட்டத்தின் பலவீனமான இடம் இதுதான், சங்கங்கள் இதை இன்னும் உரக்கக் கேட்டிருக்க வேண்டும்.

“கட்டைவிரல்தானே போச்சு, வேற வேலையும் கொடுத்துட்டாங்க.”

சட்டத்தின் முதல் அட்டவணையில் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு சதவீதம் எழுதியிருக்கிறது. கட்டைவிரல் முழுதாகப் போனால் 30, ஆள்காட்டி விரலுக்கு 14, மற்றக் கண் நன்றாக இருந்து ஒரு கண் பார்வை போனால் 30. காயங்களுக்கு அடிப்படை, சம்பளத்தில் பாதி இல்லை, 60 சதவீதம். 40 வயது ஊழியர் கட்டைவிரலை இழந்தால் 9,000 × 184.17 = 16,57,530. அதில் 30 சதவீதம், அதாவது 4,97,259 ரூபாய். அட்டவணையில் உள்ள காயத்துக்குச் சம்பாதிக்கும் திறன் இவ்வளவு குறைந்தது என்று சட்டமே முடிவுகட்டிவிடுகிறது.

வேறு வேலை கொடுப்பது தனிச் சங்கதி. பணியில் இருக்கும்போது ஊனமடைந்த அரசு ஊழியரை வேலையை விட்டு அனுப்பவோ பதவியிறக்கவோ கூடாது, அதே சம்பளத்தில் ஏற்ற வேலை தர வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 சொல்கிறது. அந்த உரிமையைக் கொடுத்தோம் என்பதற்காக இழப்பீட்டை நிறுத்த முடியாது.

சதவீதமும் கல்லில் பொறித்ததாக எப்போதும் நிற்பதில்லை. ஒரு திரையரங்கில் அலங்கார வேலை பார்த்தபோது கீழே விழுந்து இடக்கையை முழங்கைக்கு மேலே இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில் 1975-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கையை வைத்துக்கொண்டு தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் அதை முழு ஊனமாகவே நீதிமன்றம் ஏற்றது. இழப்பீடு விபத்து நடந்த நாளிலேயே கடனாகிவிடுகிறது என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி, தாமதத்துக்கு நியாயம் இல்லாவிட்டால் தொகையில் 50 சதவீதம் வரை அபராதம் என்கிறது சட்டம்.

“காண்ட்ராக்ட் ஆளுக்கு ரயில்வே பொறுப்பில்லை.”

2024 நவம்பர் 2. கேரளத்தில் ஷொரணூர் அருகே பாரதப்புழை ரயில் பாலத்தில் தண்டவாளத்துக் குப்பையை அகற்றிக்கொண்டிருந்த நான்கு ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் மீது கேரளா எக்ஸ்பிரஸ் மோதியது. நால்வரும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். உடனே நிவாரண அறிவிப்புகள் வந்தன. நிவாரணம் என்பது கருணைத் தொகை, அதை வாங்கியதால் சட்டப்படியான இழப்பீடு தீர்ந்துவிடாது. தன் வழக்கமான தொழிலின் ஒரு பகுதியை ஒப்பந்தக்காரரிடம் விடும் முதன்மை முதலாளி, அந்த வேலையாட்களின் இழப்பீட்டுக்குத் தானே பொறுப்பு என்று ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. பிறகு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்வது முதலாளியின் பாடு.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளி இ.எஸ்.ஐ. காப்பீட்டுக்குள் இருந்தால் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் கேட்க முடியாது. இ.எஸ்.ஐ.யில்தான் மாதாந்திரப் பலன் கிடைக்கும். செல்லூர்வாசிகளுக்குத் தத்தனேரி இ.எஸ்.ஐ. மருத்துவமனை கூப்பிடு தூரம். ஆனால் ‘ஒப்பந்தக்காரர் என் பெயரில் பணம் கட்டினாரா?’ என்ற விவரம் பல பேருக்கு விபத்துக்குப் பிறகுதான் தெரியவருகிறது. கார்டு எண்ணை முதல் மாதச் சம்பளத்திலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும்.

நிரந்தர ஊழியருக்கும் ஒப்பந்த ஆளுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் கருணைத் தொகையில்தான். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் பணி விபத்தில் இறக்கும் நிரந்தர ஊழியரின் குடும்பத்துக்கு 25 லட்சம் ரூபாய் உண்டு. அதே பாதையில் அதே ரயில் அடித்தாலும் ஒப்பந்தத் தொழிலாளியின் குடும்பத்துக்கு அந்தத் தொகை கிடையாது.

“கையில காசு கொடுத்து எழுதி வாங்கிட்டாங்க, அவ்வளவுதான்.”

அவ்வளவு இல்லை. இறப்பு இழப்பீட்டை இழப்பீட்டு ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். தொழிலாளர் துறை அதிகாரி ஒருவரே அந்த ஆணையர். குடும்பத்தின் கையில் நேரே திணித்த பணத்தைச் சட்டம் இழப்பீடாகக் கொள்ளாது, முன்பணமாகத் தரும் மூன்று மாதச் சம்பளம் வரைக்கும் மட்டும் விலக்கு. ‘இனி எதுவும் கேட்க மாட்டேன்’ என்று போட்ட கையெழுத்து செல்லாது. மனு போட இரண்டு வருடம் அவகாசம், நியாயமான காரணம் இருந்தால் அதற்குப் பிறகும் ஏற்கலாம். ஆணையர் உத்தரவில் குறை இருந்தால் மேல்முறையீடு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில்.

2025 நவம்பர் 21 முதல், இதுவரை சொன்ன 1923 சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலில் இருக்கிறது. 1923-இன் எலும்புக்கூடு அதன் ஏழாம் அத்தியாயத்துக்குள் போயிருக்கிறது. வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், இப்போது எழுத்திலேயே சேர்ந்திருக்கிறது. அதற்கு முன் நடந்த விபத்துகளுக்கு விபத்து நாளன்று இருந்த சட்டமே கணக்கு.

எந்தச் சட்டமானாலும் தொடக்கம் ஒரு காகிதம்தான். ரயில்வே மருத்துவமனைச் சீட்டில் ‘ஐ.ஓ.டி.’, அதாவது பணியில் ஏற்பட்ட காயம் என்று எழுதுகிறார்களா, வெறும் ‘சிக்’ என்று எழுதுகிறார்களா என்பதில் பாதி வழக்கு அடங்கியிருக்கிறது. விபத்துக் கணக்கு ஏறக்கூடாது என்று “சிக் போட்டுக்கப்பா, லீவு நான் பார்த்துக்கிறேன்” என்று தோளில் தட்டும் மேலாளர்கள் இருக்கிறார்கள். சீட்டைக் கையில் வாங்கியதும் அந்த ஒரு வார்த்தையைப் படித்துப் பார்த்து, தவறாக இருந்தால் அன்றைக்கே திருத்தக் கேட்டு எழுதிக்கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புதல் வாங்கிக்கொள்ளலாம்.