கூகை பார்க்க எந்தத் தொலைநோக்கி?

கோல சிலாங்கூர்ப் பக்கம் செம்பனைத் தோட்டங்களில் எலிகளை ஒழிக்கக் கூகைகளுக்குக் கூட்டுப்பெட்டி வைப்பதுண்டு. கூகை வெளியே வருவதோ பொழுது சாய்ந்த பிறகு. அதைப் பார்க்க 10×25 வாங்குவதா, 8×42 வாங்குவதா?

முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது, முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும்: ஒன்றில் 2.5 மி.மீ., மற்றதில் 5.25 மி.மீ.

வெயிலில் நம் கண்பாவை 2, 3 மி.மீ.க்குச் சுருங்கிவிடும், வெளிச்சத்தில் வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. (கடையில் சோதிப்பதும் பகலில்தானே!) இருட்டில் இளையோர் கண்பாவை ஏறக்குறைய 7 மி.மீ. விரியும். அப்போது 8×42 காட்டும் படம் நான்கு மடங்குக்கும் மேல் வெளிச்சமாக இருக்கும். துப்பாக்கியின் குறிநோக்கிக்கும் இதே கணக்குதான்.