குளத்தங்கரையே பாடசாலை
மீன் வளர்ப்புப் பயிற்சியைக் குறித்துச் சில குறிப்புகள்

நெற்பயிர் வாடினால் வரப்பில் நிற்பவருக்குத் தெரியும். மீன் பயிரோ நீருக்குள் மறைந்திருப்பது. ஆகையால், மீன் வளர்க்க விரும்பும் மிராசுதாரர்கள் முதலாவதாகத் தேடிக்கொள்ள வேண்டுவது, நீரின் குறிகளைக் கண்டு உள்ளிருக்கும் நிலையை அறியும் பழக்கமாகும். இது புஸ்தகத்தால் மாத்திரம் வருவதன்று; கையை நனைத்தே கற்க வேண்டும்.

முற்காலத்தில் கட்லா, ரோகு, மிரிகால் குஞ்சுகளை ஆற்று வெள்ளத்தில் பிடித்தே சேகரித்தனர். 1957-ஆம் வருஷம் ஜூலை மாதம் 10-ஆம் தேதி, ஒடிசாவில் ஹீராலால் சௌதுரி என்னும் விஞ்ஞானி, பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி வழியே செலுத்தி இவ்வினக் கெண்டைகளை முட்டையிடச் செய்தார். அது முதல் பண்ணைகளிலேயே குஞ்சு உற்பத்தியாகி வருகிறது. ஆயினும் குஞ்சு கிடைப்பது ஒன்று. அதைக் காப்பது வேறொன்று.

பயிற்சிக்குப் பெரும்பாலும் குளத்தின் சொந்தக்காரரே சென்று திரும்புகிறார். விடியற்காலத்தில் கரையில் நிற்பவரோ காவற்காரர். பத்து மாத உழைப்பு ஓர் இரவில் அழியக்கூடுமாதலால், அவரையும் உடன் அனுப்புதல் அவசியம். செய்கையின் மூலமாகக் கற்பித்தலே வேளாண் அறிவியல் நிலையங்களின் கொள்கை. அவற்றுள் முதலாவது 1974-இல் புதுச்சேரியில் ஏற்பட்டது. இருவரும் தம் கையாலேயே செய்து பழக வேண்டிய பாடங்கள் பின்வருமாறு:

1. குளத்தை ஆயத்தம் செய்தல். குஞ்சுகளைத் தின்னும் விரால், கெளுத்தி முதலியவற்றை முன்னரே அகற்ற வேண்டும். சாதாரண மண்ணுக்கு ஏக்கருக்குச் சுமார் 80 கிலோ சுண்ணாம்பு தூவி, ஒரு வாரம் கழித்துச் சாணம் இடலாம்.

2. குஞ்சு விடுதல். கட்லா மேல்நீரிலும், ரோகு இடைநீரிலும், மிரிகால் அடியிலும் இரை தேடுவன. ஆகவே இவற்றை முறையே 4, 3, 3 என்ற விகிதத்தில் கலந்து, ஏக்கருக்கு 2000 விரலளவுக் குஞ்சுகள் விட்டால், ஒன்றின் இரையை மற்றொன்று பறிப்பது குறையும். குஞ்சுப் பையைக் கால் மணி நேரம் குளத்தில் மிதக்கவிட்டு, பின் குளத்து நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, குஞ்சுகளை வெளியே விட வேண்டும்.

3. கைப் பரீட்சை. கையை நேராக நீரில் இறக்குக. முழங்கை நனையும் தருணத்தில் உள்ளங்கை மறையுமாயின், நீரின் பசுமை போதுமானது. மணிக்கட்டு நனையும்போதே மறைந்தால் பசுமை மிகை. எருவையும் தீனியையும் நிறுத்துக. முழங்கைக்கு மேல் நனைந்தும் தெளிவாகத் தெரிந்தால் எரு குறைவு. சேற்றுக் கலங்கலுக்கு இப்பரீட்சை பொருந்தாது.

4. தீனிக் கணக்கு. மாதம் ஒரு முறை வீச்சுவலையால் சில மீன்களைப் பிடித்து நிறுக்க வேண்டும். 2000 குஞ்சுகளில் 1600 பிழைத்திருப்பதாகவும், சராசரி எடை 200 கிராம் என்றும் கொண்டால், மொத்தம் 320 கிலோ. அதில் நூற்றுக்கு 2 வீதம் நாளொன்றுக்கு 6.4 கிலோ தீனி தேவை. கடலைப் பிண்ணாக்கும் தவிடும் சம எடையாகக் கலந்து, துளையிட்ட சாக்கில் கட்டித் தொங்கவிட்டால் மிச்சம் புலப்படும். மிஞ்சிய தீனி பணத்தையும் நீரையும் ஒருங்கே கெடுக்கும்.

5. விடியற்காலப் பார்வை. பகலில் பிராணவாயுவை அளிக்கும் நுண்ணிய பச்சைத் தாவரங்கள் இரவில் அதனையே உட்கொள்ளும். ஆகையால் விடியுமுன் அவ்வாயு மிகக் குறைந்திருக்கும். மேகமூட்டமான நாளுக்கு மறுநாள் ஆபத்து அதிகம். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், சொந்தக்காரருக்குச் சொல்லியனுப்பிக் காத்திராமல், காவற்காரரே உடனே எந்திரத்தை ஓட்டி, நீர் உயரத்திலிருந்து சிதறி விழும்படி இறைக்க வேண்டும். அன்று தீனியும் எருவும் கூடா.

கிராம உத்தியோகஸ்தர்கள், பொதுக் குளத்தைக் குத்தகைக்கு எடுப்போருக்கு, குஞ்சு விடும் பருவத்திற்கு முன்பே இப்பாடங்களைக் கரையிலேயே நடத்துவிக்க ஏற்பாடு செய்தல் நலம். அறுவடைக்குப் பின் குளத்து நீரை வயலுக்குப் பாய்ச்சி, அடிவண்டலை எருவாக இடுவோர்க்கு இருவகையில் லாபம் உண்டு. குளத்தை உடையவரும் காப்பவரும் ஒரே பாடத்தைக் கற்றிருப்பாராயின், அக்குளம் வருஷந்தோறும் பலன் தரும் என்பதில் ஐயமில்லை.