படுக்கையறையில் ஓர் ஒலிப்பதிவு நிலையம்

1982-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள கோல்ட்ஸ் நெக் என்னும் ஊரில், தம் வீட்டுப் படுக்கையறையில் ஒரு பாடகர் கிதாருடன் அமர்ந்தார். அவர் பெயர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். எதிரே விலை குறைந்த இரண்டு ஒலிவாங்கிகள். நான்கு தடங்களில் பதியக்கூடிய ஒரு சிறு காசெட் கருவி. அவ்வளவுதான். தம் இசைக்குழுவினருக்குப் புதிய பாடல்களைக் கேட்கச் செய்வதற்கான மாதிரிப் பதிவு என்றே அவர் எண்ணியிருந்தார். பின்னர்ப் பெரிய ஒலிப்பதிவு நிலையத்தில் குழுவுடன் அவற்றைப் பாடிப் பார்த்தபோது, வீட்டுப் பதிவில் இருந்த உயிர் அதில் இல்லை. எனவே அந்தக் காசெட்டில் இருந்ததே அவ்வாண்டு செப்டம்பரில் ‘நெப்ராஸ்கா’ என்னும் இசைத்தட்டாக வெளிவந்தது.

நல்ல பதிவுக்கு விலையுயர்ந்த கருவிகள் கட்டாயமில்லை என்பது இதனால் விளங்குகிறது. அப்படியானால் எதுதான் தேவை? கையில் உள்ள சிறு தொகையை எதில் செலவிடுவது? கடைக்குப் புறப்படுமுன், ஒலி செல்லும் வழியைப் பின்தொடர்ந்து பார்ப்போம்.

முதற்கருவி அறையே

நீங்கள் பாடும்போது ஒலி இரு வழிகளில் ஒலிவாங்கியை அடைகிறது. ஒன்று, வாயிலிருந்து நேராக வருவது. மற்றொன்று, சுவர், தரை, கூரை ஆகியவற்றில் பட்டுத் திரும்பி வருவது. குளியலறையில் பாடினால் குரல் முழங்குவது இந்த எதிரொலிப்பால்தான். ஆனால் பதிவு செய்து கேட்டால் சொற்கள் குழம்பித் தெளிவின்றி இருக்கும். ஒருமுறை பதிந்துவிட்ட எதிரொலியைப் பின்னர்ப் பிரித்தெடுப்பது மிகக் கடினம்.

நேர் ஒலியின் செறிவு, தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. 60 செ.மீ. தூரத்தில் உள்ள ஒலிவாங்கியை 30 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் நேர் ஒலியின் செறிவு 4 மடங்காகும். அதாவது 6 டெசிபல் கூடும். அறையில் சுற்றித் திரியும் எதிரொலியோ ஏறத்தாழ அதே அளவில்தான் இருக்கும். ஆகவே, அருகில் வைத்தால் பாடல் மிகும்; தள்ளி வைத்தால் அறை மிகும். மெத்தை, போர்வை, துணிகள் நிறைந்த அலமாரி போன்றவை ஒலியை உறிஞ்சுவதால், அவை உள்ள அறையையே தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்குச் செலவே இல்லை!

இருவகை ஒலிவாங்கிகள்

டைனமிக் எனப்படும் இயங்குசுருள் ஒலிவாங்கியில், மெல்லிய சவ்வுடன் ஒரு கம்பிச்சுருள் இணைந்திருக்கும். ஒலி பட்டுச் சவ்வு அதிரும்போது, சுருள் காந்தப்புலத்தில் அசைந்து மின்சாரத்தைத் தூண்டுகிறது. 1831-இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. ஸ்பிரிங்ஸ்டீன் பயன்படுத்தியவை இவ்வகையே. இவை உறுதியானவை, விலையும் குறைவு.

கண்டன்சர் எனப்படும் மின்தேக்கி ஒலிவாங்கியை 1916-இல் அமெரிக்கப் பொறியாளர் வென்ட்டி உருவாக்கினார். இதில் சவ்வும் ஓர் உலோகத் தகடும் சேர்ந்து மின்தேக்கியாகின்றன. சவ்வு அதிரும்போது இடைவெளி மாறுகிறது; மின்தேக்குத் திறனும் மாறுகிறது. சுமக்கச் சுருள் இல்லாததால் சவ்வு மிக விரைவாக அதிரும். கிதார்க் கம்பியை நகம் தொடும் நுண்ணொலியையும் இது தெளிவாகப் பிடிக்கும். இது இயங்கப் பெரும்பாலும் 48 வோல்ட் மின்னழுத்தம் தேவை.

எதை வாங்கலாம்? அமைதியான அறை இருந்தால் மின்தேக்கி வகை கிதாருக்குச் சிறந்தது. தெருச் சத்தமும் மின்விசிறியும் தொல்லை தரும் வீட்டில், இயங்குசுருள் வகையை வாய்க்கு மிக அருகில் வைத்துப் பாடுவதே நலம். அதில் மந்திரம் ஏதுமில்லை. தூரம் குறைவதுதான் காரணம்.

எங்கே வைப்பது?

கிதாரின் ஒலித்துளைக்கு நேராக வைக்கத் தோன்றும். ஆனால் பெட்டிக்குள் உள்ள காற்று ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு அடைவதால், அங்கே ‘பொம்’ என்ற முழக்கம் மிகும். வீணையில் உள்ளதுபோல் கிதாரின் கழுத்திலும் மெட்டுகள் உண்டு. 12-ஆம் மெட்டுக்கு எதிரே 20 முதல் 30 செ.மீ. தள்ளி வைத்துத் தொடங்குங்கள்.

குரலுக்கு ஒன்று, கிதாருக்கு ஒன்று என இரண்டு வைத்தால் புதிய சிக்கல் எழும். உங்கள் குரல் கிதாரின் ஒலிவாங்கியையும் எட்டும். அது 34 செ.மீ. கூடுதல் தொலைவில் இருந்தால், விநாடிக்கு 343 மீட்டர் செல்லும் ஒலி ஏறக்குறைய 1 மில்லி விநாடி தாமதித்து அங்கே சேரும். 500 ஹெர்ட்ஸ் அலையின் முழு அலைவு நேரம் 2 மில்லி விநாடி. ஆகவே ஒன்றில் முகடு இருக்கையில் மற்றதில் அகடு இருக்கும். இரண்டையும் கலந்தால் அந்தச் சுரம் மெலியும். இதனால் தொடக்க நிலையினருக்கு ஒரே ஒலிவாங்கி போதும். அல்லது கிதாரை முதலில் பதிந்து, ஹெட்போனில் அதைக் கேட்டுக்கொண்டே குரலைத் தனித் தடத்தில் பதியலாம். ஹெட்போன் காதை முழுதும் மூடும் வகையாக இருந்தால் ஒலி வெளியே கசியாது.

ஒலி எண்ணாகிறது

காசெட்டின் இடத்தில் இன்று கணினி இருக்கிறது. ஒலிவாங்கியின் மின்னலையை ஆடியோ இன்டர்ஃபேஸ் என்னும் சிறு பெட்டி எண்களாக மாற்றுகிறது. நம் செவி கேட்கும் உச்ச அதிர்வெண் சுமார் 20,000 ஹெர்ட்ஸ். அதன் இருமடங்குக்கு மேல் மாதிரி எடுத்தால் அலையை முழுமையாக மீட்கலாம். எனவே விநாடிக்கு 44,100 மாதிரிகள் போதும். ஒவ்வொரு மாதிரியும் 16 பிட்டானால் 65,536 படிகள். 24 பிட்டானால் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல். இன்று சாதாரணப் பெட்டிகளே இவ்விரண்டையும் செய்கின்றன. ஆகவே இதைவிடப் பெரிய எண்களுக்காகப் பணத்தை வீணாக்க வேண்டாம். 48 வோல்ட் தரும் வசதி உண்டா என்று மட்டும் பாருங்கள்.

செய்து பாருங்கள்

வீட்டிலுள்ள கைபேசியில் ஒரே பாட்டை நான்கு முறை பதியுங்கள்: வெறுமையான கூடத்தில் 1 மீட்டர் தள்ளி, பிறகு 25 செ.மீ. தள்ளி, துணிகள் நிறைந்த அறையிலும் அதே இரு தூரங்களில். கேட்டு ஒப்பிடுங்கள். கருவி ஒன்றே, பதிவுகள் நான்கு விதம்! இந்த வேறுபாட்டைக் கேட்டறிந்த காதுதான் கடையில் உங்களுக்கு வழிகாட்டும்.

சிந்திக்க

1. ஒலிவாங்கியை 80 செ.மீ.யிலிருந்து 20 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் நேர் ஒலியின் செறிவு எத்தனை மடங்காகும்?

2. மேற்கண்ட 1 மில்லி விநாடித் தாமதத்தில் 1,000 ஹெர்ட்ஸ் ஒலி மெலியுமா, வலுக்குமா? ஏன்?