காதிலிருந்து சுவர் வரை: ஹெட்ஃபோன் கன்வெர்ட்டர் இரைச்சலைப் பிடிக்கும் வழி

சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸின் மாடியறை. கீழே காலண்டர் வேலை. ஆடிப்பெருக்கன்று மாதிரி ஆல்பம் வெளியாகிவிட்டால் ஆர்டர் குவியும், மிஷினுக்கு ஓய்வே கிடையாது. மாடியில் உட்கார்ந்து பட்டாசுக் கடைகளுக்கு வீடியோ எடிட் செய்கிற தம்பி, ஹெட்ஃபோனைக் கழற்றி என்னிடம் நீட்டினான்.

"அண்ணே, சரவெடி வீடியோ. நடுவுல நடுவுல சட சடன்னு வருது. கன்வெர்ட்டர் போயிருச்சான்னு பாருங்க."

கேட்டேன். சட சட என்றுதான் வந்தது. அதில் எது வெடி, எது கோளாறு என்று யார் சொல்வது?

"கரண்ட்டாத்தான்ணே இருக்கும். கீழ மிஷின் எடுத்தாலே வருது" என்றான். நம் பக்கத்தில் எந்த மின்சாதனம் மக்கர் செய்தாலும் முதல் குற்றவாளி இ.பி.தான். நான் தலைகீழாகத் தேடுகிறவன். காதில் ஆரம்பித்து ஜாக், கன்வெர்ட்டர், போர்ட், கம்ப்யூட்டர், சார்ஜர் என்று போய், சுவரைக் கடைசியில்தான் தொடுவேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவேன். இரண்டை ஒன்றாக மாற்றினால் இரைச்சல் நிற்கலாம். ஆனால் எதனால் நின்றது என்று தெரியாது, அடுத்த வாரம் அதே இடத்தில் வந்து நிற்போம்.

முதல் வேலை, சோதிப்பதற்குத் தெரிந்த ஒலி ஒன்று வேண்டும். பாட்டு வேண்டாம், சரவெடி வேண்டவே வேண்டாம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் இரண்டு ஃபைல் செய்துகொள்ளுங்கள். ஒன்று ஐந்து நிமிட முழு நிசப்தம், இன்னொன்று 1000 ஹெர்ட்ஸ் "கூ" சத்தம், மெல்லியதாக. இரண்டையும் வேவ் ஃபைலாகச் சேமியுங்கள். நிசப்தத்தை ஓடவிட்டுக் கேட்டால் இரைச்சல் தனியாகத் தெரியும். கூ சத்தத்தை ஓடவிட்டால் எங்கே அறுகிறது என்று தெரியும்.

இனி காதால் வகை பிரிக்க வேண்டும். "ம்ம்ம்" என்று அடித்தொண்டையில் முனகினால் அது 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டும் அதன் மடங்குகளும், எர்த் சம்பந்தப்பட்டது. மௌஸை நகர்த்தினால், பக்கத்தை உருட்டினால் "கீஈஈ" என்று ஏறி இறங்கினால் அது கம்ப்யூட்டரின் சொந்தச் சத்தம், யு.எஸ்.பி.யின் 5 வோல்ட் வழியாகக் கசிகிறது. எதற்கும் மாறாமல் "ஸ்ஸ்ஸ்" என்றே இருந்தால் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் சின்ன ஆம்ப்ளிஃபையரின் மூச்சு. "டக்", "சட சட", நடுவில் ஒரு நொடி மௌனம் என்றால் தகவல் தவறுகிறது. இந்த நான்குக்கும் மருந்து வேறு வேறு. முனகலுக்குப் போய் ஃபெரைட் வளையம் வாங்கி வயரில் மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ரேடியோ அலைவரிசைக்கான சாமான். 50 ஹெர்ட்ஸ் அதைக் கண்டுகொள்ளாமல் போய்விடும்.

அடுத்தது ஜாக். ஹெட்ஃபோனை வேறொரு போனில் போட்டுக் கேளுங்கள். அங்கேயும் அதே தொல்லை என்றால் கன்வெர்ட்டரைத் திட்ட வேண்டாம். இன்னொரு அறிகுறி உண்டு: பாட்டில் பாடகர் குரல் மறைந்து, பின்னணி இசை மட்டும் குகைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டால், ஜாக் முழுதாக உள்ளே போகவில்லை அல்லது பொது வயர் அறுந்திருக்கிறது. நடுவில் ஒலிக்க வேண்டியது ஒன்றையொன்று கழித்துக்கொண்டு, இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் காதுக்கு வருகிறது. ஜாக்கைத் துடைத்து, டக்கென்று உட்காரும்வரை அழுத்துங்கள்.

பிரஸ்களில் வேலை செய்கிறவர்களுக்கு இது தனியாக: அச்சான தாள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கத் தூவும் பவுடர் மாவு மாதிரி எல்லா இடத்திலும் படியும். தம்பியின் போனை அணைத்துவிட்டு, டைப்-சி ஓட்டையை மரப் பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டினேன். வெள்ளையாக ஒரு சிட்டிகை வந்தது. பிளக் அரை மில்லிமீட்டர் வெளியே நின்றாலே ஆட்டும்போதெல்லாம் தொடர்பு அறும். ஊசி, சேஃப்டி பின் எல்லாம் உள்ளே விடாதீர்கள்.

பிறகு கன்வெர்ட்டர். டைப்-சியிலிருந்து 3.5 மில்லிமீட்டர் ஜாக்குக்கு மாற்றும் வயர்களில் இரண்டு சாதி. ஒன்றுக்குள் டிஜிட்டலை ஒலியாக மாற்றும் சிப் இருக்கும். இன்னொன்று வெறும் வயர். போனே ஒலியை அனலாகாக வெளியே தந்தால்தான் வேலை செய்யும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. லேப்டாப்பில் செருகிப் பாருங்கள். சவுண்ட் பட்டியலில் புதுப் பெயர் ஒன்று வந்தால் சிப் உண்டு. வராவிட்டால் வெறும் வயராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ஸ்ஸ்ஸ் சத்தத்துக்குச் சுருக்கமான பதில்: காதுக்குள் செருகும் சில இயர்ஃபோன்கள் மிக நுணுக்கமானவை, ஆம்ப்ளிஃபையர் மூச்சுவிடுவதுகூட அவற்றில் கேட்கும். பெரிய ஹெட்ஃபோனை மாட்டினால் காணாமல் போகும். ஒவ்வொரு முறை பிளே அழுத்தும்போதும் "டப்" என்று ஒரு தட்டு, முதல் எழுத்து விழுங்கப்படுவது, இதுவும் கோளாறு இல்லை. ஒலி இல்லாதபோது சிப் தூங்கிவிடுகிறது, எழுப்பினால் தட்டுகிறது. குரல் எடிட் செய்யும்போது பின்னால் அந்த நிசப்த ஃபைலை ஓடவிட்டு வையுங்கள், தூங்காது.

இப்போது நம் சட சட.

தினசரி காலண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒலித் தகவல் யு.எஸ்.பி. வழியே ஒரு மில்லி செகண்டுக்கு ஒரு தாள் கணக்கில் கிழிகிறது. 48 கிலோஹெர்ட்ஸில் ஒவ்வொரு தாளிலும் காதுக்கு 48 மாதிரிகள். பென்டிரைவுக்கு ஃபைல் போகும்போது ஒரு தாள் கெட்டால் மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்கும். ஒலிக்கு அந்த வசதி இல்லை. நேரம் தவறினால் தவறியதுதான். தாள் இல்லாத தேதி "டக்" என்று காதில் விழும். வேகமான கன்வெர்ட்டர்களில் தாள் இன்னும் சின்னது, மில்லி செகண்டுக்கு எட்டு.

தாள் ஏன் தவறுகிறது? தம்பியின் மேஜையைப் பார்த்தேன். லேப்டாப்பில் ஒரே ஒரு போர்ட்டிலிருந்து நான்கு வாய் ஹப். அதில் கீபோர்டு, மௌஸ், வீடியோ இருக்கும் போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க், கடைசியாகக் கன்வெர்ட்டர். ஹப்புக்குத் தனி அடாப்டர் இல்லை. யு.எஸ்.பி. 2.0 போர்ட் ஒன்று தரக் கடமைப்பட்டது 500 மில்லியாம்பியர், 3.0 என்றால் 900. ஹார்ட் டிஸ்க் மட்டுமே வேகமெடுக்கும்போது பாதிக்கு மேல் விழுங்கிவிடும். கூ சத்தத்தை ஓடவிட்டு ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பெரிய ஃபைல் ஒன்றைக் காப்பி செய்தேன். சட சட. டிஸ்க்கைப் பிடுங்கினேன். சுத்தமான கூ. மதியச் சாப்பாட்டுக்குக் கீழே மிஷின் நின்றதும் டிஸ்க்கை மறுபடி மாட்டினேன். மிஷின் ஓடவில்லை, சட சட மட்டும் ஓடியது.

கன்வெர்ட்டரை லேப்டாப்பின் மறுபக்கப் போர்ட்டில் நேராகச் செருகினோம். செலவு பூஜ்யம். ஹப் வேண்டும் என்றால் தனி அடாப்டர் உள்ளதாக வாங்குங்கள். நடுவில் மூன்று மீட்டர் யு.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் கேபிள் இருந்தால் தூக்கிப் போடுங்கள். புளூடூத் ஹெட்செட்டோ வயர்லெஸ் மௌஸோ திக்கினால் அதற்கும் இதே டிஸ்க்கைச் சந்தேகிக்கலாம்: யு.எஸ்.பி. 3.0 சாதனங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சல் கிளப்புவதை இன்டெல் நிறுவனமே 2012இல் அறிக்கையாக வெளியிட்டது. ரிசீவரைத் தள்ளி வைத்தால் போதும்.

போர்ட் மாற்றியும் சட சட நிற்கவில்லை என்றால் மென்பொருள். விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸ் போய், அட்வான்ஸ்டு பகுதியில் யு.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்ட் என்பதை அணையுங்கள். சவுண்ட் செட்டிங்கில் 44.1, 48 இரண்டில் உங்கள் வீடியோ எதுவோ அதையே வையுங்கள். வீடியோவுக்குப் பெரும்பாலும் 48. எடிட்டிங் மென்பொருளில் பஃபர் 64, 128 என்று இருந்தால் 512 ஆக்குங்கள். சுமார் 11 மில்லி செகண்ட் தாமதம். வெட்டி ஒட்டுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. அதற்கும் மசியவில்லை என்றால் லேட்டன்சிமான் என்ற சோதனை மென்பொருளைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள், எந்த டிரைவர் வழிமறிக்கிறது என்று பெயர் சொல்லிக் காட்டும். வைஃபை டிரைவர் அடிக்கடி மாட்டும். பழைய விண்டோஸ் என்றால் இன்னொரு சிக்கல்: வேகமான கன்வெர்ட்டர்களுக்கான டிரைவர் விண்டோஸோடு சேர்ந்தே வர ஆரம்பித்தது 2017இல், விண்டோஸ் 10இன் ஒரு அப்டேட்டில்தான். அதற்கு முன்னால் உள்ளது என்றால் தயாரிப்பாளரின் டிரைவரைப் போட வேண்டும்.

சித்திரை வெயிலில், பாலியஸ்டர் சட்டையோடு பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து ஹெட்ஃபோனைத் தொட்டதும் கன்வெர்ட்டரே துண்டித்து மறுபடி இணைந்தால், அது உங்கள் உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம். இதை நம் ஊருக்கு விளக்க வேண்டியதில்லை. பட்டாசு மருந்து கலக்கும் அறை வாசலில் எர்த் செய்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தானே உள்ளே போகிறோம், பருத்திதானே உடுத்துகிறோம்? அங்கே உயிருக்காகச் செய்வதை இங்கே ஒரு சிப்புக்காகச் செய்யுங்கள். ஜன்னல் கம்பியையாவது தொட்டுவிட்டு உட்காருங்கள்.

கடைசியாகச் சார்ஜரும் சுவரும். சோதனை ஒரே வரி: சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டுங்கள். முனகல் நின்றால் வழி தெரிந்துவிட்டது. ஆனால் ஒன்று, தலையில் மாட்டிய ஹெட்ஃபோன் மட்டும் இருந்தால் முனகல் வருவது அபூர்வம். கரண்ட் சுற்றி வர இரண்டாவது பாதை வேண்டும். கன்வெர்ட்டரிலிருந்து மிக்சருக்கோ ஆம்ப்ளிஃபையருக்கோ வயர் போகும்போதுதான் அந்தப் பாதை கிடைக்கிறது.

விருதுநகரில் பங்குனிப் பொங்கல் சமயத்தில் ஒரு மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். லேப்டாப், கன்வெர்ட்டர், மிக்சர், மேடையில் பெட்டிகள். மண்டபம் முழுக்க "ம்ம்ம்". மிக்சரும் ஆம்ப்ளிஃபையர்களும் ஜெனரேட்டரில், லேப்டாப் மட்டும் சுவர் பிளக்கில். இரண்டு எர்த், இரண்டுக்கும் நடுவே வித்தியாசம். அது ஆடியோ வயரின் மேல்வலை வழியாக ஓடிச் சமன் செய்துகொள்கிறது. சவுண்ட் சர்வீஸ்காரர் கட்டிங் பிளேயரோடு நின்றார்.

"அண்ணாச்சி, சார்ஜர் எர்த் பின்ன வெட்டி விட்ருவமா? போன தடவ அப்பிடித்தான் நின்னுச்சு."

வெட்டாதீர்கள். முனகல் நிற்கும், பிறகு எதிலாவது லீக் ஆனால் அது மைக் பிடித்தவர் கை வழியாக இறங்கும். லேப்டாப் சார்ஜரை மிக்சர் இருக்கும் அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினோம், முனகல் முக்கால்வாசி போனது. மீதிக்கு டிரான்ஸ்ஃபார்மர் வைத்த டி.ஐ. பாக்ஸ் ஒன்றை நடுவில் போட்டோம். யு.எஸ்.பி. ஐசொலேட்டரும் உதவும், ஆனால் மலிவானவை நொடிக்கு 12 மெகாபிட் வரைதான் விடும், வேகமான கன்வெர்ட்டர் அதில் முழுத் திறனில் ஓடாது.

சார்ஜரைச் சுவரில் வைத்திருந்தபோது லேப்டாப்பின் உலோக உடம்பில் புறங்கையை வைத்து மெதுவாகத் தேய்த்தால் விர்ரென்று நுண்ணிய நடுக்கம் இருந்தது. அது சார்ஜருக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாகக் கசிவது. எர்த் சரியாக இருந்தால் அங்கே போய்விடும், கையில் தெரியாது. மண்டபத்து எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்தார். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். அதைத் தாண்டி முள் எங்கோ ஏறியது. இந்த வேலையை நீங்கள் செய்யாதீர்கள், அவரையே செய்யச் சொல்லுங்கள்.

பின்பக்கம் போய்ப் பார்த்தோம். கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்து, எர்த் குழிக்குள் கரியும் உப்பும் காய்ந்து கிடந்தன. சமையல்கட்டிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் வாங்கி ஊற்றினார் எலக்ட்ரீஷியன். குடிக்கிற சத்தத்தோடு உள்ளே போனது. கால் மணி நேரம் கழித்து மீட்டரை வைத்தார். முள் இறங்கியிருந்தது. இன்னொரு குடம் கேட்டு ஆள் அனுப்பினார்.