புது கிடாரை கம்ப்யூட்டர் உதவியுடன் சரி செய்வது எப்படி?

கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்கலாம், படம் பார்க்கலாம். அதே கம்ப்யூட்டரை ஓர் அளவுக் கருவியாகவும் பயன்படுத்தலாம் என்பது புதிதாக வாங்கியவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. மைக்கும் ஓர் இலவச சாஃப்ட்வேரும் இருந்தால் போதும். கிடார் சரியாக இருக்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம்.

கடையிலிருந்து வரும் புது கிடார் பெரும்பாலும் வாசிக்கத் தயாராக இருக்காது. கம்பிகள் உயரமாக நிற்கும். அழுத்தினால் விரல் வலிக்கும், சுருதியும் பிசகும். கல்வராயன் மலையில் வெள்ளிமலையில் இருக்கும் என் அக்கா மகள், சேர்த்து வைத்த பணத்தில் வாங்கிய கிடாரை இரண்டே வாரத்தில் சுவரோரம் சாத்திவிட்டாள். தனக்கு இசை வராது என்று முடிவு கட்டியிருந்தாள். அளந்து பார்த்தபோது குறை கிடாரில்தான் இருந்தது. அந்த அளவுகளையே இங்கு உதாரணமாகத் தருகிறேன்.

படி 1: சுருதி சேர்த்தல்

ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேரை அதன் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து டவுன்லோடு செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். 2000-ம் ஆண்டில் வெளியாகி இன்றும் புதுப்பிக்கப்பட்டு வரும் சாஃப்ட்வேர் இது. லேப்டாப்பில் மைக் உள்ளேயே இருக்கும். டெஸ்க்டாப் என்றால் இளஞ்சிவப்பு நிறத் துளையில் மைக்கைச் செருகுங்கள்.

ரெக்கார்டு பட்டனை அழுத்தி ஒரு கம்பியை மீட்டுங்கள். ஒலி அடங்கியதும் ஸ்டாப் கொடுங்கள். மீட்டிய கணத்தில் சுருதி சற்றே ஏறி நிற்கும் என்பதால், முதல் அரை விநாடியை விட்டுவிட்டு அடுத்த 2 விநாடிகளை மவுஸால் தேர்வு செய்யுங்கள். பிறகு அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் கிளிக் செய்யுங்கள். வரும் விண்டோவில் சைஸ் என்ற இடத்தில் 65536 கொடுங்கள். ஏன் இவ்வளவு பெரிய எண்? விநாடிக்கு 44,100 மாதிரிகள் பதிவாகும்போது, 16384 கொடுத்தால் 2.7 ஹெர்ட்ஸ் இடைவெளியில்தான் கணக்கிடும். 65536 கொடுத்தால் அது 0.67 ஹெர்ட்ஸாகக் குறையும்.

தெரியும் சிகரத்தின் மேல் மவுஸை வைத்தால் அதன் ஹெர்ட்ஸ் எண் கீழே தெரியும். வர வேண்டிய எண்கள் இவை:

6-வது கம்பி (தடித்தது) – 82.41
5-வது – 110.00
4-வது – 146.83
3-வது – 196.00
2-வது – 246.94
1-வது – 329.63

5-வது கம்பிக்கு 220 என்று வந்தால் பயப்பட வேண்டாம். சிறிய மைக்குகள் தாழ்ந்த ஒலியைச் சரியாகப் பிடிப்பதில்லை. அதனால் இரட்டிப்பு ஒலியின் சிகரம் பெரிதாகத் தெரியும். அதைப் பாதியாக்கிக் கொள்ளுங்கள்.

படி 2: கழுத்தின் வளைவு

6-வது கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் 14-வது ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். இப்போது கம்பியே ஒரு ஸ்கேல் போல நேராக நிற்கும். 7-வது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே ஜெராக்ஸ் பேப்பர் 2 தாள் நுழையும் அளவு, அதாவது சுமார் 0.2 மி.மீ. இடைவெளி போதும். வெள்ளிமலை கிடாரில் 4 தாள் நுழைந்தது.

கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பிக்கு ட்ரஸ் ராடு என்று பெயர். இதன் முனை, ஒலித் துளைக்குள் அல்லது தலைப் பகுதியில் இருக்கும். ஆலன் கீயால் வலப்பக்கம் திருப்பினால் இடைவெளி குறையும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருப்பியதும் மீண்டும் சுருதி சேர்த்து அளந்து பாருங்கள். இறுக்கமாக இருந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். ராடு உடைந்தால் பழுது பார்க்கும் செலவு கிடாரின் விலையையே எட்டிவிடும். விலை குறைந்த சில கிடார்களில் இந்த வசதியே இருக்காது.

படி 3: கம்பியின் உயரம்

12-வது ஃப்ரெட்டின் மேலிருந்து கம்பியின் அடிப்பகுதி வரை ஸ்கேலால் அளந்து பாருங்கள். 6-வது கம்பிக்கு 2.4 முதல் 2.6 மி.மீ., முதல் கம்பிக்கு 1.6 முதல் 1.8 மி.மீ. இருந்தால் வசதியாக வாசிக்கலாம். நான் அளந்தபோது 6-வது கம்பி 3.6 மி.மீ. உயரத்தில் நின்றது.

இதைக் குறைக்க, பிரிட்ஜில் செருகியிருக்கும் வெள்ளைத் துண்டான சேடிலின் அடிப்பகுதியைத் தேய்க்க வேண்டும். 12-வது ஃப்ரெட் கம்பியின் சரிபாதி. எனவே அங்கு 1 மி.மீ. குறைய வேண்டுமானால் சேடிலில் 2 மி.மீ. குறைய வேண்டும். கம்பிகளைத் தளர்த்தி, சேடிலை எடுத்து, பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து நேராகத் தேய்த்து, அடிக்கடி பொருத்திப் பாருங்கள். தேய்த்ததை ஒட்டவைக்க முடியாது. சேடில் பசை போட்டு ஒட்டியிருந்தால் பிடுங்க வேண்டாம்.

படி 4: கடைசிச் சோதனை

12-வது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே 5-வது கம்பியை அழுத்தாமல் தொட்டு மீட்டினால் மணி போன்ற ஒலி வரும். அதைப் பதிவு செய்யுங்கள். பிறகு அதே ஃப்ரெட்டில் நன்றாக அழுத்தி மீட்டிப் பதிவு செய்யுங்கள். இரண்டுமே 220 காட்ட வேண்டும். முதலில் எனக்கு அழுத்தியபோது 222 வந்தது. அந்த இடத்தில் அரை சுரம் என்பது 13 ஹெர்ட்ஸ். அதில் ஆறில் ஒரு பங்கு பிசகினாலே காது கண்டுபிடித்துவிடும். கம்பி உயரமாக இருந்தால் அழுத்தும்போது அதிகம் இழுபட்டு சுருதி ஏறும். உயரம் குறைந்ததும் 221-க்கு அருகில் வந்தது. இன்னும் அதிகமாக இருந்தால் முதலில் புதுக் கம்பி மாட்டிப் பாருங்கள்.

பருவம் மாறினால்?

கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும் என்பது எங்கள் ஊர் சிற்பிகளுக்கு அன்றாடப் பாடம். கிடாருக்கும் அதே விதிதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழையில் மேல் பலகை உப்பி, கம்பி உயரும். ஏப்ரல், மே வெயிலில் தாழும். குளிர்ந்த மலையிலிருந்து சமவெளிக்குக் கொண்டு வந்தாலும் மாற்றம் தெரியும். எனவே ஆண்டுக்கு இரண்டு முறை அளந்து, எண்களை ஒரு எக்ஸெல் ஷீட்டில் தேதியுடன் குறித்து வையுங்கள். அடுத்த முறை எது மாறியது என்று உடனே தெரிந்துவிடும்.