தென்காசியில் குடியேறலாமா?

கேள்வி: ஓய்வுபெற்றதும் சென்னை வீட்டை விற்றுவிட்டுத் தென்காசிக்கே போய்விடலாமா?

பதில்: குற்றாலச் சாரலில் நனைந்துவிட்டு வந்து கேட்கிறீர்களோ? ஜூன், ஜூலையில் அந்த ஊர் யாருக்குத்தான் பிடிக்காது! ஏப்ரலில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். குழாயில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள், புரோக்கர் சொல்லமாட்டார். 2019-இல் தனி மாவட்டமானதால் கலெக்டர் ஆபீஸ் அலைச்சல் குறைந்துவிட்டது. சென்னைக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ஆனால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வேண்டுமென்றால் 50 கிலோமீட்டர் தாண்டித் திருநெல்வேலிக்கு ஓடவேண்டும். வீட்டில் இதய நோயாளி இருந்தால் இதை முதலில் யோசியுங்கள். தெருவில் நாலு பேர் நிறுத்தி, "நீங்க யார் வீட்டு ஆளு?" என்பார்கள். சிலருக்கு அது ஆறுதல், சிலருக்குத் தொல்லை. எப்படியானாலும் சென்னை வீட்டை இப்போதைக்கு விற்காதீர்கள்.